ஒற்றைப் பீஸுக்கும் அளவெடுத்தவர்களுக்கு

தாராவி தொண்ணூறு அடி சாலை, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா பகுதிகளில் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

தாராவியில் வேலை டஜன் கணக்கில்தான் ஓடும். ஒரே மாதிரி இருநூறு பை, ஐந்நூறு சட்டை என்றால்தான் கூலி கட்டும். ஒற்றைப் பீஸுக்காக மெஷினை நிறுத்தி நூல் மாற்றுவது நட்டம். அது தெரிந்தும் மாற்றுத்திறனாளிகளான எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய வேலையை ஏற்றுக்கொண்டீர்கள். ஹாஜி அலியில் உள்ள மறுவாழ்வு நிறுவனத்தில் காலுக்கு ஸ்ப்ளிண்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கவசம்) செய்துகொள்ளலாம், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் சக்கர நாற்காலி வாங்கலாம். ஆனால் அந்த ஸ்ப்ளிண்டோடு கால் நுழைகிற ஷூவுக்கு உங்கள் கடைப்படிதான் ஏற வேண்டியிருக்கிறது. நீங்கள் செய்ததை அளவோடு எழுதுகிறோம். அடுத்து வருகிறவர்கள் முதலிலிருந்து விளக்க வேண்டாம் பாருங்கள்.

தோல் கடை அண்ணனுக்கு முதல் நன்றி. ஸ்ப்ளிண்ட் போட்ட காலுக்கு இரண்டு சைஸ் பெரிய ஷூ வாங்கினால் நீளம்தான் கூடும். அகலம் பற்றாது, நுனி தடுக்கிப் பிள்ளை விழும். அண்ணன் சாக்ஸும் ஸ்ப்ளிண்டும் போட்டு, பிள்ளையை நிற்க வைத்துத்தான் காகிதத்தில் கோடு இழுப்பார். உட்கார வைத்து எடுத்த அளவு நின்றால் இறுக்கும். ஷூவின் வாயை விரல்கள் தொடங்கும் இடம் வரை திறந்து, லேஸுக்குப் பதில் இரண்டு வெல்க்ரோ பட்டை தைக்கிறார். பட்டை ஒரு வளையத்துக்குள் போய்த் திரும்பி ஒட்டும் என்பதால் ஒரு கை மட்டும் வசப்படும் பிள்ளைகூட தானே இழுத்துக் கட்டும். ஒரு காலில் மட்டும் ஸ்ப்ளிண்ட் என்றால், அந்த ஷூவுக்குள் கிடக்கும் மெத்தையை எடுத்துவிட்டு மற்றதில் அப்படியே விடுகிறார். இல்லாவிட்டால் ஒரு கால் உயர்ந்து இடுப்பு சாயும். வாய் போதிய அளவு திறக்கவில்லை என்றால் குதிகால் அடிவரை இறங்காது. கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோர் கவனத்துக்கு: கழற்றிய பின் தோலில் உள்ள சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல் ஸ்ப்ளிண்ட் செய்தவரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் வெல்க்ரோவில் சேறு ஏறி ஒட்டாமல் போகும். பழைய டூத் பிரஷ் போதும்.

லேபர் கேம்ப் பைண்டிங் கடைக்காரர் அட்டைப்பெட்டியிலேயே நாற்காலி செய்கிறார். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் நெளிவுள்ள ஃப்ரிட்ஜ் பெட்டி அட்டையை ஆறு அடுக்கு ஒட்டினால் பலகைபோல நிற்கும். ஓர் அடுக்கின் நெளிவு நெடுக்காகப் போனால் அடுத்தது குறுக்காகப் போக வேண்டும். எல்லாம் ஒரே திசையில் போனால் உட்கார்ந்த அன்றே மடங்கும். மைதாப் பசையை மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் பாரம் வைத்து, பிறகு வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஜில்லென்றால் இன்னும் ஈரம். அவசரப்பட்டு வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பூச்சி அரிக்காமலிருக்க பைண்டிங் பசையில் மயில்துத்தம் என்ற நஞ்சைக் கலப்பது தொழில் வழக்கம். எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் என்று ஒருமுறை சொன்னதும் அதை அவர் அடியோடு நிறுத்திவிட்டார். அது இல்லாததால் பூச்சிக்குப் பயந்து, மழைக்கு முன்பே மே மாதத்துக்குள் எல்லா நாற்காலியையும் முடிக்கிறார். இந்தக் கடிதத்தில் எங்களுக்கு மிகப் பெரிய விஷயம் அவர் மயில்துத்தத்தை நிறுத்தியதுதான்.

நாற்காலியில் உட்காரும் பலகையின் ஆழம்: இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, அதில் இரண்டு விரல் குறைவு. ஆழம் கூடினால் பிள்ளை முன்னால் சறுக்கி முதுகு கூனும். பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். பெல்ட் வயிற்றில் அல்ல, தொடை மடிப்பில்.

முடி வெட்டும் அண்ணனுக்கு: செவ்வாய்க்கிழமை நம் ஆட்கள் தலையில் கத்தி வைக்க மாட்டார்கள். அந்தக் காலி மதியத்தை எங்களுக்குக் கொடுத்தீர்கள். சத்தமும் தொடுகையும் தாங்காத பிள்ளைகளுக்காக ரேடியோ அணைத்து, மெஷினை விட்டு கத்தரியால், கழுத்தில் துணி கட்டாமல், பத்து எண்ணி ஒரு நிறுத்தம். முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து இறங்கினாலே போதும் என்று நீங்களே சொன்னீர்கள்.

டெய்லர் அக்கா சட்டைக்கு மேலே பொத்தானும் அடியில் வெல்க்ரோவும் வைக்கிறார். பார்க்க எல்லாரையும்போல இருக்கும். கழுத்து லேபிளைத் தையலோடு பிரித்தெடுக்கிறார், கத்தரித்தால் மிச்சம் குத்தும். சக்கர நாற்காலிப் பிள்ளைகளின் பேண்ட்டில் பின்பாக்கெட் கிடையாது. நாளெல்லாம் அதன்மேல் உட்கார்ந்தால் புண்ணாகும்.

விடியற்காலை இட்லி தரும் அக்கா கெட்டிப் பருப்பைத் தனியாகக் கட்டித் தருகிறார். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு சாம்பாரில் மிதக்கும் இட்லி ஆபத்து. தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குப் போகும், கட்டி பின்னால் நிற்கும். தெரபிஸ்ட் சொன்ன பதத்தில் பருப்போடு குழைத்தால் ஒன்றாக இறங்கும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறோம். உங்களில் பாதிப் பேர் கூலி வாங்க மறுக்கிறீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா செய்து தருகிறவரிடம், பட்டை பிய்ந்துவிட்டது, இடது பக்கம் இறுக்குகிறது என்று மறுபடி வந்து நிற்க அம்மாமாருக்குக் கூச்சம். பிள்ளை இறுகின ஷூவோடே நடக்கிறது. அடுத்த வாரம் மூன்று ஜோடி வருகிறது, அண்ணே. மூன்றுக்கும் பில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருப் பிள்ளைகளின் பெற்றோர்