எடைப் பயிற்சி பற்றிச் சுற்றும் பேச்சு: பெற்றோர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் நீச்சல் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"காட்பாடி ஜிம்மில் எடை தூக்க வைத்துப் பையனுக்குத் தோள் போச்சு, இனி உயரமும் வளராது." இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தப் பேச்சு உங்களுக்கும் வந்திருக்கும். பெயர் போடவில்லைதான். ஆனால் நீச்சல் பிள்ளைகளுக்கென்று இங்கே எடைப் பயிற்சி வைத்திருப்பது நாங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தப் பையன் காலையும் மாலையும் நீந்துகிறவன். போட்டி நெருங்கியதும் நீச்சல் பயிற்சியில், கையில் பேடில் (தண்ணீரை அதிகமாகத் தள்ள உள்ளங்கையில் மாட்டும் தட்டை) மாட்டி நீந்தும் தூரத்தைத் திடீரென்று கூட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை கையைச் சுழற்றுகிறவர்களுக்குத் தோள்வலி எந்த ஊரிலும் வருவதுதான். அதற்காகவே ரப்பர் பேண்டை இழுக்க வைத்துத் தோளின் பின்பக்கத் தசையை முதலில் கெட்டிப்படுத்துகிறோம். புதிதாக வரும் பிள்ளை கையில் கொடுப்பது வெறும் மரக்கம்பு. குந்தி எழுவது ஒழுங்காக வந்த பிறகுதான் இரும்பு. ஆனாலும், வலிக்கிறது என்று அவன் சொன்ன பிறகும் அன்று இரண்டு செட் புல்-அப் போட விட்டது எங்கள் தப்பு. அவன் அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் ஆள் நின்று சரியாகச் செய்ய வைத்தால் எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது என்றுதான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் நம்ம வேலூர் சத்துவாச்சாரிக்காரர். அவர் ஊரிலேயே இந்தப் பயமா!

நாங்கள் ஆணழகன் உடம்பு செய்யவில்லை. தசை பெருத்தால் தண்ணீரில் சுமைதான். அதனால் எண்ணிக்கை குறைவு, வேகம் அதிகம். பிளாக்கிலிருந்து (குளத்தின் ஓரத்தில் பாய நிற்கும் மேடையிலிருந்து) பாய்வதற்கும் சுவரை உதைத்துத் திரும்புவதற்கும் காலில் சட்டென்று வெடித்துக் கிளம்பும் வேகம் வேண்டும். பெட்டி மேல் தாவி ஏறும் பாக்ஸ் ஜம்ப் அதற்குத்தான். பிரீஸ்டைலில் பாய்ந்த பிறகும் திரும்பிய பிறகும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். அதுவரை தண்ணீருக்கடியில் இரண்டு காலையும் சேர்த்து உதைக்கும் டால்பின் கிக் அடிக்க வயிறும் இடுப்பும் தாங்க வேண்டாமா?

போன மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் நின்றபோது ரப்பர் மேட்டுகளைத் தூக்கிக் காயப்போட்ட அப்பாக்களையும், இந்தப் பேச்சு வந்த பிறகும் ஒரு நாள்கூடத் தவறாமல் பிள்ளைகளை அனுப்பிய அம்மாக்களையும் மறக்க மாட்டேன்.

அப்புறம், உதவி மாஸ்டர் சென்னைக்குப் போய்விட்டதால் ஞாயிறு பேட்ச் இப்போதைக்கு இல்லை. 1ஆம் தேதி முதல் மாதக் கட்டணம் 1,500 அல்ல, 1,900 ரூபாய்.

வலி இருந்தால் பிள்ளைகள் வாசலிலேயே சொல்லிவிடட்டும். சந்தேகம் உள்ளவர்கள் மாலை 6 மணிக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள், டீ உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாஸ்டர்