வீட்டை உரிக்க முதல்

அன்பு மகளுக்கு,

நோர்வேயின் வடகோடியில் நீ வாங்கிய ஹமர்ஃபெஸ்ட் வீட்டின் படங்களையும் ஒப்பந்தக்காரர் தந்த திட்டத்தையும் அம்மாவும் நானும் பார்த்தோம். பழைய யன்னல்களைக் கழற்றி எறிந்துவிட்டு, சூடு வெளியே போகாமல் சுவரைச் சுற்றி நுரைப்பலகை ஒட்டப் போகிறார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

1944 இல் பின்வாங்கிய ஜெர்மன் படை, ஹமர்ஃபெஸ்ட் இருக்கும் ஃபின்மார்க் மாகாணத்தை எரித்தபோது அந்த ஊரில் மிஞ்சியது மயானத்துச் சிற்றாலயம் ஒன்றுதான். திரும்பி வந்த சனம் பலகைக்கும் ஆணிக்கும் தட்டுப்பாடான காலத்தில் கட்டிய வீடுகள் இவை. நடுவில் புகைபோக்கி, சுற்றிவரச் சின்ன அறைகள். கொஞ்ச விறகில் சூடு நிற்க வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் நாங்களும் அப்படியொரு வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம்.

முதலில் பரணைப் பார். சூடு மேலேதான் போகும். அங்கே சூட்டைத் தடுக்கும் மரநார் ஊதி நிரப்புவது செலவும் குறைவு, வீட்டின் முகமும் மாறாது. சூடு நிற்க அந்தக் காலத்தில் சுவருக்குள் அடைத்த மரத்தூள் இருந்தால் அது இத்தனை வருடத்தில் கீழே இறங்கி, மேல்பக்கமும் யன்னல்களுக்குக் கீழேயும் வெறுமையாகியிருக்கும். அந்த இடங்களை நிரப்பினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

எனக்குப் பயம் ஈரத்தில்தான். சமையல் ஆவியும் குளியல் ஆவியும் இடுக்குகளால் சுவருக்குள் போய், குளிர்ந்த பக்கத்தில் தண்ணீராகும். வெளியே நுரையால் மூடிவிட்டால் அது காய வழியில்லை, மரம் உளுத்துவிடும். உள்பக்க இடுக்குகளை அடைத்து, வெளியே மரநார்ப் பலகை வைத்து, அதற்கும் வெளிப்பலகைக்கும் நடுவில் காற்றோட இடம் விடச் சொல். குசினியில் கரி வடிகட்டி மட்டும் உள்ள விசிறி ஈரத்தை எடுக்காது. வெளியே தள்ளுகிற விசிறியாகப் போடு. நீ புட்டு அவிப்பதை விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

யன்னல் சட்டங்களைத் தட்டிப் பார். வடக்கில் மெல்ல வளர்ந்த பைன் என்றால் நல்ல இறுக்கமாக இருக்கும். சுரண்டிப் பூசி, உள்ளே இன்னொரு கண்ணாடிச் சட்டம் போட்டால் போதும். சுவர் தடித்தால் யன்னலையும் வெளியே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வீடு கண் குழிந்த நோயாளி போலாகிவிடும். வெளியே இருந்து சூட்டை இழுத்து உள்ளே தருகிற வெப்பப் பம்பியைக் கடைசியாக வாங்கு. சூடு ஒழுகுவது நின்றபின் சின்னதே போதும்.

சுவருக்குள் போன ஈரம் எந்தப் பக்கத்தால் வெளியேறும் என்று ஒப்பந்தக்காரரிடம் கேள். சரியான பதில் வராமல் கையெழுத்து வைக்காதே. ஈஸ்டருக்கு வருகிறோம். அப்போதும் அங்கே நல்ல குளிர் இருக்கும். சூடு எங்கே ஒழுகுகிறது என்று காட்டும் வெப்பப்படக் கமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து வை, சுவர்களைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா