முன்சீப் கொலை வழக்கில் தண்டனை கொடுக்க முடியாது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவருக்கு நடந்த பாராட்டு விழா பற்றித் தங்கள் நாளிதழ் சென்ற வாரம் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. கீழமை நீதிமன்றத்துக்காரர்களுக்கு அரைப் பக்கம் கிடைப்பது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி: 'முன்சீப்பாக இருந்த இளம் வயதிலேயே கொலைக் குற்றவாளிகளுக்குக் கடும் தண்டனை வழங்கி நடுங்க வைத்தவர்.'

முன்சீப் என்பவர் சிவில் வழக்குகளுக்கான கீழ்நிலை நீதிபதி. அவர் பார்ப்பது வரப்புத் தகராறு, புரோநோட்டு, பாகப்பிரிவினை. அவரே குற்றவியல் நடுவராகவும் (மாஜிஸ்திரேட்) இருக்கிற ஊர்களில்கூட, முதல் வகுப்பு நடுவர் விதிக்கக்கூடிய அதிகபட்ச சிறைத் தண்டனை 3 ஆண்டு. தலைமைக் குற்றவியல் நடுவருக்கே 7 ஆண்டுதான். கொலை வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கமிட் ஆகி, அதாவது விசாரணைக்கு அனுப்பப்பட்டுப் போய்விடும். அங்கே தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. இதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாததா? தெரிந்தேதான் விட்டிருப்பீர்கள். 'நடுங்க வைத்தவர்' என்றால் படிக்க விறுவிறுப்பாக இருக்குமே.

அந்த மனிதர் செய்யாததை எழுதிவிட்டு, செய்திருக்கக்கூடியதை எல்லாம் விட்டுவிட்டீர்கள். கொலை வழக்கில் நடுவருக்கு வேலை இல்லையா என்ன? முதல் தகவல் அறிக்கை நடுராத்திரியில் ஒரு காவலர் கையில் அவர் வீட்டுக்கு வரும். எழுந்து வந்து, தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மணி போட மறந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாலோ, விசாரணையில் எதிரித் தரப்பு வக்கீல் அந்த இடைவெளியைத்தான் முதலில் பிடிப்பார். சம்பவம் மாலை, புகார் இரவு, கோர்ட்டுக்கு வந்தது மறுநாள் மதியம் என்றால் நடுவே யார் உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்தார்கள் என்று கேட்பார். பதில் இருக்காது.

சாகும் தறுவாயில் இருப்பவர் சொல்வதைப் பதிவுசெய்யும் மரண வாக்குமூலம் அதைவிடக் கடினம். தீக்காயத்தோடு ஒருவர் சேர்க்கப்பட்டதாக மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தால், எந்நேரமானாலும் நடுவர் கிளம்ப வேண்டும். வார்டில் நிற்கும் போலீசாரையும் உறவினர்களையும் முதலில் வெளியே அனுப்ப வேண்டும். தான் யார் என்று சொல்லி, பெயர், ஊர், இப்போது இருக்கும் இடம் என்று சில கேள்விகள் கேட்டு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று தானே பார்க்க வேண்டும். டாக்டரின் சான்றில் 'நினைவோடு இருக்கிறார்' என்று மட்டும் இருந்தால் போதாது, வாக்குமூலம் தரும் மனநிலையில் இருக்கிறார் என்றும் இருக்க வேண்டும். சான்று இல்லாவிட்டாலும், நடுவர் தானே திருப்தி அடைந்திருந்தால் போதும் என்று 2002இல் லக்ஷ்மண் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அதன் பிறகும் விவரமான நடுவர்கள் சான்று வாங்காமல் திரும்புவதில்லை.

எழுதுவதையும் கேள்வி பதிலாக, அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். 'ஊத்திப் பத்த வச்சிட்டாரு' என்றால் அப்படியே. அதைத் 'தீயிட்டுக் கொளுத்தினார்' என்று திருத்தி எழுதினால், அது யாருடைய வாக்குமூலம் என்ற கேள்வி வரும். படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். பெருவிரல் வெந்திருந்தால் எந்த விரலின் ரேகையை எடுத்தோம், ஏன் என்று அங்கேயே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் மாட்டுவது அவர்தான். ஏனென்றால் எழுதிய நடுவரே பின்னாளில் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். அதற்குள் மாறுதலாகி வேறு ஜில்லாவில் இருந்தாலும் வந்துதான் தீர வேண்டும். இந்த வேலைக்குப் பொன்னாடை கிடையாது, புகைப்படமும் கிடையாது.

'ஆயிரக்கணக்கான வழக்குகளை விரைந்து முடித்தார்' என்றும் இருந்தது. அதில் எத்தனை, இரு தரப்பும் சாட்சி போட்டு வாதாடி முடிந்தவை? பிரதிவாதி வராமல் எக்ஸ்பார்ட்டி ஆனதும் (ஒருதலைப்பட்சமாக முடிந்ததும்), வாதி வராமல் தள்ளுபடி ஆனதும், லோக் அதாலத்தில் பேசி முடித்ததும் கணக்கில் ஒன்று ஒன்றுதான். அப்பீலில் எத்தனை தீர்ப்பு நின்றது என்று கேட்டிருந்தால் அது மரியாதை. 2013 மார்ச்சில் நீதிபதி கே. சந்துரு உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்றபோது பிரிவுபசார விழாவே வேண்டாம் என்றார். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை.

ஒரு நீதிபதி எப்படிப்பட்டவர் என்பது கடைசி சில மாதங்களில் தெரியும். புதிதாகப் பெரிய வழக்குகளில் வாதம் கேட்கத் தொடங்கக் கூடாது. கேட்டு முடித்தவற்றுக்குத் தீர்ப்பு சொல்லிவிட வேண்டும். அவர் எழுதி வைத்துச் சொல்லாமல் விட்ட தீர்ப்பை அடுத்து வருபவர் வாசிக்கலாம், கையெழுத்தாகாத டிக்ரியில் (தீர்ப்பாணையில்) கையெழுத்தும் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டம் 20ஆவது கட்டளையில் இரண்டுக்கும் வழி இருக்கிறது. எழுதவே இல்லையென்றால் வழக்காடும் கட்சிக்காரர் வக்கீல் பீஸ் கொடுத்து மறுபடி முதலிலிருந்து வாதாட வேண்டியதுதான். நீதிபதி ஒற்றை வரியில் உத்தரவு சொல்லிவிட்டு, பதவி முடிந்து சுமார் 5 மாதம் வழக்குக் கோப்பைத் தன்னிடமே வைத்திருந்து, அதன் பிறகு விரிவான தீர்ப்பு வெளியான ஒரு சென்னை உயர் நீதிமன்ற வழக்கில், அந்தத் தீர்ப்பை 2024இல் உச்ச நீதிமன்றம் ரத்தே செய்தது. உங்கள் விழா நாயகர் மேசையைக் காலி செய்துவிட்டுப் போனாரா? அது தெரியவில்லை, மேடையில் இருந்த பிரமுகர்கள் பட்டியல்தான் தெரிகிறது.

சொல்ல ஆரம்பித்ததால் சொல்லிவிடுகிறேன். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று எத்தனை முறை அச்சிட்டுவிட்டீர்கள்! அது ஆயுள் முழுவதும். 14 என்பது, கொலை போன்ற குற்றங்களில் அரசு முன்விடுதலை கொடுப்பதற்கு முன் கழித்தே ஆக வேண்டிய காலம். நீதிபதி விசாரணையின்போது வாய்வார்த்தையாகக் கேட்டது மறுநாள் உங்கள் தலைப்பில் 'அதிரடி உத்தரவு' ஆகிறது. உத்தரவு நகலில் அந்த வார்த்தையே இருக்காது. கட்சிக்காரர்கள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து நகல் பிரிவில் சண்டை போடுகிறார்கள்.

என் வேண்டுகோள் சிறியது. முன்சீப் பற்றிய வரிக்கு ஒரு திருத்தம். இனி நீதிபதி யாரையாவது பாராட்டி எழுதினால், வகித்த பதவிகளை ஆண்டோடு போடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஃபாத்திமா பீவி 1958இல் கேரளத்தில் முன்சீப், 1968இல் சார்பு நீதிபதி, 1972இல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் உயர் நீதிமன்றம், 1989இல் உச்ச நீதிமன்றம். நாலு வரிகூட ஆகாது. திருத்தத்தை வரி விளம்பரங்களுக்கு நடுவே ஒளிக்காமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்