மனை பிரிக்கும் முன்பே டிராம் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய குடியிருப்புக்கு டிராம் வேண்டுமென்றால், மனை வரைபடத்திலேயே பாதைக்கு இடம் ஒதுக்க வேண்டும். வீடுகள் எழுந்த பிறகு அந்த இடம் கிடைக்கவே கிடைக்காது. இரட்டைத் தண்டவாளத்துக்குச் சுமார் 7 மீட்டர் அகலம் தேவை. நிறுத்தங்களில் நடைமேடைக்குத் தனியாக இடம் விட வேண்டும். வளைவின் ஆரத்தை 25 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. நெருக்கமான வளைவில் சக்கரம் கிறீச்சிடும், தண்டவாளமும் சீக்கிரம் தேயும்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது மண்ணுக்கு அடியில்தான். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் தண்டவாளத்துக்குக் கீழே நீளவாக்கில் போகக் கூடாது. ஒரு குழாய் உடைந்தாலும் டிராமை நிறுத்திவிட்டுத்தான் தோண்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, மேல்கம்பியில் வரும் 750 வோல்ட் நேர்மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. அதில் ஒரு பங்கு மண்ணில் கசிந்தால் அருகிலுள்ள இரும்புக் குழாய்களை அரித்துவிடும். தண்டவாளத்தைச் சுற்றி ரப்பர் உறை போடும் செலவை யாரும் குறைக்கக் கூடாது.

நிறுத்தங்கள் 400 மீட்டருக்கு ஒன்று போதும். போய்த் திரும்ப, முனையில் நிற்கும் நேரமும் சேர்த்து, 40 நிமிடம் ஆகுமென்றால், 10 நிமிடத்துக்கு ஒரு டிராம் விட நான்கு வண்டிகள் வேண்டும்; பழுதுக்கு மாற்றாக ஐந்தாவதும் வேண்டும்.

ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ரீசல்ஃபெல்டு குடியிருப்பில் 1996-ல் மக்கள் குடியேறத் தொடங்கினர்; 1997-லேயே டிராம் ஓடியது. முதல் ஆண்டுகளில் கார் வாங்கிவிட்ட குடும்பத்தைப் பிறகு டிராமுக்கு இழுப்பது மிகக் கடினம்.