ஓடாத ப்ராஜெக்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்

பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். செயற்கைக்கோள்களுக்கான மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. புதிதாகச் சேர வருகிறவர்களிடம் நேர்காணலில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன்: "நீங்கள் செய்ததில் எது கெட்டுப்போனது? காரணத்தை எப்படிப் பிடித்தீர்கள்?" பெரும்பாலானவர்கள் முழிக்கிறார்கள். "எங்க ப்ராஜெக்ட் நல்லா ஓடிச்சு மேடம்" என்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் இறுதியாண்டு வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று காலை, பலகையில் விளக்கே எரியவில்லை. பவர் கனெக்டரை விரலால் அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. டேப்பை இறுக்கி ஒட்டி, மேலே ஓர் அட்டையை வைத்து மறைத்து, தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டேன். நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. டேப்புக்கு அடியில் இருந்தது சரியாக உருகிப் பிடிக்காத ஒரு சால்டர் இணைப்பு. வேலைக்கு வந்து சில மாதங்களில், அதிர்வு மேசையில் (பலகையைக் குலுக்கிச் சோதிக்கும் கருவி) ஏற்றிய ஒரு பலகை முதல் நிமிடத்திலேயே நின்றுபோனது. உருப்பெருக்கியில் பார்த்தால் அதே மங்கிய, சொரசொரப்பான சால்டர். என் பழைய கூட்டாளி!

மேசைமேல் ஓடுகிறது என்பதற்கு எங்கள் துறையில் அவ்வளவாக மதிப்பில்லை. வெற்றிடத்தில் மின்விசிறி உதவாது. சிப்பின் சூடு பலகை வழியாகக் கடந்து, கடைசியில் கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும். பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். பெரும்பாலும் சுற்றுக்குச் சுற்று வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். ஒரு நாளில் 16 தடவை வரை சூடேறிக் குளிர்கிற பலகையில் அரைகுறை இணைப்பு எத்தனை நாள் தாங்கும்?

பிழையைக் கண்டும் காணாமல் விடுவது பெரிய இடங்களிலும் நடக்கும். 1990-ல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி, ஓரத்தில் சுமார் 2 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதிகம் தட்டையாகிவிட்டது. கண்ணாடியைச் சரிபார்த்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்ததே காரணம். சரி, தவறு யாருக்கும் நேரும். எனக்கு உறுத்துவது வேறு. மற்றச் சோதனைகளில் அந்தப் பிழை தெரிந்திருக்கிறது. அந்தக் கருவிகள் துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதனால் கேட்கிறேன். ப்ராஜெக்ட் மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பழுது நோட்டுக்கு ஒதுக்குங்கள். என்ன ஓடவில்லை, எதைச் சந்தேகப்பட்டார்கள், எதை மாற்றிப் பார்த்தார்கள், எது தப்பான ஊகம் என்று தேதிவாரியாக எழுதட்டும். ஓடாத பலகையோடு வந்தாலும், காரணத்தை நிரூபிக்கிற மாணவர் தேறட்டும். கற்பனையாக எழுதுவார்களே என்பீர்கள். எழுதுவார்கள்தான். ஐந்து நிமிடம் குறுக்குக் கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

அப்புறம், கியூப்சாட். 10 செ.மீ. கனசதுரமான இந்தக் குட்டிச் செயற்கைக்கோளை இரண்டு பேராசிரியர்கள் 1999-ல் வகுத்ததே மாணவர்கள் கைப்பழக்கம் பெறத்தான். இப்போது சில இடங்களில் அது கல்லூரி விளம்பரப் பலகைக்கான படமாகிவிட்டது. ஏவுவது இருக்கட்டும். அதன் ஒரு பலகையை இரவு முழுக்க வெப்பப் பெட்டியில் வைத்து, காலையில் ஓடுகிறதா என்று மாணவர்கள் பார்க்கட்டும்.

ஒரு வகுப்பை ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் விபத்து விசாரணை அறிக்கைக்கு ஒதுக்குங்கள். பொதுவில் கிடைக்கிறது, நீளமும் இல்லை. 1996 ஜூன் 4 அன்று அந்த ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஒரு 64 பிட் எண் 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. "போன தடவை ஓடிச்சே" என்று சொல்லும் மாணவரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள்.

வைவாவுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். பலகைமேல் அட்டை இருந்தால் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு சோதனைப் பொறியாளர்