சிரிப்பை வரைவது பற்றிச் சேகருக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள சேகர்,

நலம். வசந்தியும் நலமாக இருக்கிறாள். மழைக்காலத்தில் முழங்கால் வலி மட்டும் தலைகாட்டுகிறது. உன் மருமகனுக்குப் பினாங்கில் வேலை கிடைத்ததைக் கேள்விப்பட்டு இருவரும் மகிழ்ந்தோம். கோவிந்தன் மறுபடியும் தவில்காரரோடு சண்டை போட்டுவிட்டார் என்று சொல்லி ஊர்ச் செய்தியை முடித்துக்கொள்கிறேன். மீதியை நீயே ஊகித்துக்கொள்வாய்.

இப்போது எழுதக் காரணம் வேறு. ஓர் ஓவியம் வரைந்து தரும்படி எனக்குத் தமிழில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எந்த வகை ஓவியம் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. பாலா மகள் திருமணப் பந்தியில், பாயசம் வருவதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இன்னும் அந்தக் கிச்சுகிச்சுப் படங்களைத்தான் வரைகிறாயா?” என்று கேட்டாயே, அதே வகைதான். இத்தனை காலமும் என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் கடல் கடந்த நாடுகளில் இருப்பவர்கள். ஆங்கிலத்தில் எழுதுவார்கள், பணம் அனுப்புவார்கள், நன்றி சொல்லிப் போய்விடுவார்கள். இம்முறை எழுதியிருப்பவர்கள் நம் நாட்டுத் தம்பதியர், ஐம்பதைக் கடந்தவர்கள். தங்கள் வெள்ளிவிழாத் திருமண நாளுக்காகத் தங்கள் இருவரையுமே வரைந்து தரக் கேட்டிருக்கிறார்கள். ஊரையும் பெயரையும் உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மையார் எழுதியிருந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: தம் பாதம் கூசும் என்பதைக் கணவர் கண்டுபிடித்த நாளிலிருந்து தங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் இரவு தாண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூரிகையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பந்தியில் நீ கேட்டதற்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன், ஏனென்றால் வாழை இலைக்கு முன்னால் பேசி முடிக்கிற விஷயம் அல்ல அது. இன்று முழுதாகப் பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படி. என் படங்களில் ஆடை கலைவதில்லை. இருப்பவர்கள் எல்லாரும் நரையும் சுருக்கமும் உள்ள, வயது வந்த ஆண்களும் பெண்களும்தான். ஆனாலும் இவை பாலியல் நாட்டம் சார்ந்த ஓவியங்கள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஃபெட்டிஷ் என்று உலகம் சொல்வது இதைத்தான். வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அதே நாட்டம் இருப்பதால்தான் என்னால் வரைய முடிகிறது. வெறும் வேடிக்கைப் படம் என்று பூசி மெழுகினால், அந்த அம்மையார் அவ்வளவு துணிந்து எழுதிய வரிக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன்.

பசுமாடு வரைந்த உன் கைக்கு இது புரியுமோ புரியாதோ, இருந்தாலும் சொல்கிறேன்: மனித முகத்தில் வரைவதற்கு மிகக் கடினமானது கிச்சுகிச்சுக் கூச்சத்தால் வரும் சிரிப்பு. நகைச்சுவை கேட்டுச் சிரிப்பவரின் முகம் முழுவதும் ஒரே திசையில் போகும். கூச்சத்தில் சிரிப்பவரின் முகமோ இரண்டாகப் பிரிந்து நிற்கும். வாய் விரிந்து சிரிக்கிறது, கன்னம் மேலேறுகிறது, கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. ஆனால் புருவங்கள் ‘வேண்டாம்’ என்று நெரிகின்றன. அந்தக் கண் தசை எளிதில் மனத்தின் கட்டளைக்கு அடங்குவதில்லை என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-இலேயே எழுதிவைத்தார். கிச்சுகிச்சு மூட்டப்படுபவரின் முகத்தில் அந்த உண்மையான புன்னகையோடு வலிக்கும் வெறுப்புக்கும் உரிய சாயல்களும் கலந்து வருவதைக் கிறிஸ்டின் ஹாரிஸ் என்ற உளவியலாளர் 2005-இல் சக ஆய்வாளரோடு பதிவு செய்தார். இந்த இரட்டை முகத்தைப் பிடிப்பதற்காகத்தான் நான் ஒரே புருவத்தைத் திரும்பத் திரும்ப அழித்து வரைகிறேன். புருவம் ஒரு மயிரிழை கூடினால் படம் சித்திரவதையாகிவிடும். குறைந்தால் பற்பசை விளம்பரமாகிவிடும்.

இந்தத் துறையில் வரைபவர்கள் மீது எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. எடுத்ததற்கெல்லாம் இறகை வரைகிறார்கள். பாதத்தில் ஓர் இறகு, அதற்கு ஊரே கேட்கும்படி ஒரு சிரிப்பு! உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. 1897-இல் அமெரிக்க உளவியலாளர்களான ஸ்டான்லி ஹாலும் ஆர்தர் ஆலினும் கூச்சத்தை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். மேலோட்டமாக ஊர்ந்து சிலிர்ப்பும் அரிப்பும் தருவதற்கு நிஸ்மெசிஸ் என்றும், விலாவிலும் அக்குளிலும் பாதத்திலும் அழுத்தித் தொட்டுத் தொட்டுச் சிரிக்கவைப்பதற்குக் கார்கலெசிஸ் என்றும் பெயர் வைத்தார்கள். இறகு முதல் வகையைச் சேர்ந்தது. இறகு பட்டால் தோள் ஒடுங்கும், விரல்கள் மடங்கும், மூச்சு உள்ளே நிற்கும். குலுங்கிச் சிரிக்கவைப்பது விரல் நுனியின் அழுத்தம். ஆகவே இறகு வரைந்தால் உதடுகளை மூடியே வரைகிறேன். வாய் திறந்த சிரிப்பு வேண்டுமானால் விரல்கள் தசைக்குள் எவ்வளவு பதிந்திருக்கின்றன என்பதைத் தோலில் விழும் நிழலால் காட்டுகிறேன்.

பாதம் அதைவிடப் பெரிய பாடம். 26 எலும்புகள் ஓரிடத்தில் கூடிச் செய்யும் கூத்து அது. கூசும்போது கட்டைவிரல் மேலே விறைக்கும், மற்ற நான்கும் கீழே மடங்கும், உள்ளங்காலின் குழிவில் குறுக்கே மெல்லிய மடிப்புகள் விழும், தப்பிக்க முயலும் குதிகால் பக்கவாட்டில் திரும்பும். எங்கிருந்தோ மற்றக் கால் காவலுக்கு ஓடிவரும். அந்த இரண்டாவது காலை வரைய மறப்பவர்களின் படத்தில் உயிரே இருக்காது. அதிலும் நான் வரைய விரும்புவது வழவழப்பான பொம்மைப் பாதங்களை அல்ல. வெடித்த குதிகாலும், தேய்ந்த மெட்டியும், ஜப்பான் சிலிப்பரின் வார் விட்ட வெளிறிய தடமும் உள்ள, நம் ஊர்ப் பாதங்களை வரைய வேண்டும் என்பதுதான் என் நெடுநாள் ஆசை. வெளிநாட்டார் கேட்டபோதெல்லாம் மேல்நாட்டுப் படுக்கையறைகளை வரைந்தேன். இந்தத் தம்பதியருக்காக முதல்முறையாகத் தகரக் கூரையையும், காற்றாடியையும், சன்னலுக்கு வெளியே செம்பனை மட்டைகளையும் வரையப்போகிறேன். நினைக்கவே நெஞ்சு நிறைகிறது.

இன்னொன்றையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் தமக்குத் தாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. நம் கை செய்யப்போவதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து அந்த உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது என்று சாரா ஜெயின் பிளேக்மோரும் அவருடைய சகாக்களும் 1998-இல் மூளைப் படங்களின் வழியே காட்டினார்கள். தொடப்போகும் இடம் துல்லியமாகத் தெரிந்திருக்கக் கூடாது என்று டார்வின் அதற்கும் வெகுமுன்பே, 1872-இல், எழுதியிருக்கிறார். அப்படியென்றால் இந்த இன்பத்துக்கு எப்போதும் இன்னொருவர் தேவை. அவர் அடுத்து எங்கே தொடுவார் என்பது தெரியாமல் இருக்கவும் வேண்டும். என் படங்களில் ஆகச் சிறந்தவை விரல் தொடுவதற்குச் சற்று முந்திய கணத்தைப் பிடித்தவைதாம். விரலுக்கும் தோலுக்கும் இடையே ஓர் அரிசி நீள இடைவெளி. அவள் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

சேகர், இங்கே நான் கொஞ்சம் அழுத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. கூச்சத்தால் வரும் சிரிப்பு சம்மதம் ஆகாது. பிடிக்காதபோதும் உடம்பு சிரிக்கும். மூச்சுத் திணறும்போது ‘நிறுத்து’ என்ற சொல்கூட வாயிலிருந்து வராது. இதைத் தெரிந்தே செய்கிற தம்பதியர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள். சொல் வராத நேரத்துக்கென்று கையில் ஒரு பொருளைப் பிடித்திருப்பார்கள், அது கீழே விழுந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். அதனால் என் படம் ஒவ்வொன்றிலும் சிரிப்பவரின் கையில் ஒரு சாவிக்கொத்து இருக்கும். வாங்குகிறவர்களில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. “அந்தச் சாவியை எடுத்துவிட்டால் படம் இன்னும் சூடாக இருக்குமே” என்று ஒருவர் கேட்டபோது முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சாவி இல்லாத படத்தை நான் வரைய மாட்டேன். இந்த அம்மையாரோ நான் சொல்வதற்கு முன்பே தம் பீரோச் சாவியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்; அதில் ஒரு சிறிய வேல் தொங்குகிறது.

கவலை இல்லாமல் இல்லை. ஆபாசமானவற்றை விற்பதும் பரப்புவதும் நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. இணையத்தின் வழி அனுப்புவதற்கு 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு இருக்கிறது. எது ஆபாசம் என்று தீர்மானிப்பவன் நான் அல்லவே. ஆடை அணிந்த கணவனும் மனைவியும் சிரிக்கும் படத்தை ஒரு நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று இரவில் யோசித்திருக்கிறேன். சட்டத்தைவிட ஊர் வாய் இன்னும் நெருக்கமானது. திருவிழாப் பதாகைக்கு முருகனை எழுதும் கையா இதை எழுதுகிறது என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், சந்தையில் வசந்தி தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவளிடமே கேட்டேன். கோட்டோவியத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கணவரின் இடது கை சும்மா இருக்கிறது, அது மனைவியின் கணுக்காலைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்றாள். அவள் சொன்னது சரி. தாங்கும் கையை வரைந்த பிறகுதான் அந்தப் படத்துக்குள் அன்பு வந்தது. அதற்கு மேல் நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு மூலப் படம், நகல் இல்லை, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இனி உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பியபோது, எழுத்தராக இருந்த கிராணி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன சாய்வு நாற்காலி, கால்களைத் தூக்கி நீட்டிக்கொள்ளக் கைப்பிடிகள் நீண்டு வருமே, அது இன்னும் உன் வீட்டு முன்வாசலில்தானே கிடக்கிறது? அந்த அம்மையாரை அதில்தான் உட்காரவைத்து வரையப்போகிறேன். இரண்டு பாதங்களும் இரண்டு கைப்பிடிகள் மேல், கணவர் கீழே பலகையில். நினைவிலிருந்து வரைந்தால் கைப்பிடி திரும்பும் கோணம் பிடிபட மறுக்கிறது. அளவு நாடாவை எடுத்து, கைப்பிடி முழுதாக நீண்டிருக்கும்போது அதன் நீளம், தரையிலிருந்து அதன் உயரம், இருக்கையின் சரிவு ஆகியவற்றைக் குறித்து அனுப்பு. பிரம்பு அறுந்த இடத்தைச் சரிசெய்யாமல் அப்படியே படம் எடு, எனக்கு அந்தக் கிழிசலும் வேண்டும். உன் மனைவி எதற்கு என்று கேட்டால் உண்மையையே சொல். அவர் உன்னைவிடத் தைரியசாலி. அவர்களுடைய திருமண நாள் தை மாதத்தில் வருகிறது, நீ தீபாவளிக்குள் அனுப்பினால் எனக்குப் போதும்.

அன்புடன்,
மணியம்