டை சூடும் ஃபேனின் விறைப்பும்

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் வாங்கிய மோட்டார் ஃபேன்களில் (கண்ணாடி இழை கலந்த நைலானில் வார்ப்பவை) நான்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். மோட்டார் சூடேறியதும் இறக்கை வளைந்து கவுலில் (ஃபேன் மூடியில்) உரசுகிறதாம். “ஏனுங்க, கண்ணாடியக் கொறச்சுப் போட்டுட்டீங்களா?” என்றார். நியாயமான கேள்வி. அவர் முன்னாலேயே ஒரு இறக்கையை வெட்டி எடை போட்டு, 600 டிகிரி உலையில் வைத்தோம். நைலான் முழுக்க எரிந்து, வெள்ளைப் பஞ்சு மாதிரி கண்ணாடி இழை மட்டும் மிஞ்சியது. அதன் எடை, நாங்கள் சொன்னபடியே, மொத்தத்தில் 30 சதவீதம் இருந்தது.

தவறு டையின், அதாவது உருக்கிய நைலானை வார்க்கும் அச்சின், சூட்டில் நடந்திருக்கிறது. அந்த லாட் ஓடியபோது டை ஹீட்டர் பழுதாகி, டை சூடேறாமல் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறோம். நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இந்த ஃபேனுக்குப் போடும் நைலான் வகையான நைலான் 66 உருகும்போது அதன் நீளமான மூலக்கூறுகள் சிக்கலான நூல் போலக் கிடக்கும். ஆறும்போது ஒரு பகுதி, மடித்து வைத்த வேட்டி மாதிரி மடிந்து மடிந்து அடுக்காகிவிடும். அதுதான் படிகம். மீதி சிக்கலாகவே இறுகிவிடும். சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சிக்கல் பகுதி தளர்ந்துபோகும். அதற்கு மேல் கண்ணாடி இழையைப் பிடித்து நிறுத்துவது படிகங்கள்தான். இழை நைலானைவிட இருபது மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் பிடிமானம் இல்லாமல் அந்த விறைப்பு வேலைக்கு வராது. பாலிகார்பனேட்டைப் பாருங்கள், அதில் படிகம் கிடையாது. 30 சதவீதம் கண்ணாடி சேர்த்தாலும், பாரத்தில் வளையும் வெப்பநிலை பத்துப் பதினைந்து டிகிரிதான் கூடும். நைலான் 66-இல் அதே கண்ணாடி அதை 70 சொச்சத்திலிருந்து 250 டிகிரி வரை கொண்டுபோகிறது!

டை குளிர்ந்திருந்தால் மேல்தோல் அடுக்காக நேரமில்லாமல் உறைந்துவிடும். அப்புறம் மோட்டார் சூட்டில் மெதுவாக அடுக்காகத் தொடங்கி, சுருங்கி, வளையும். வந்த ஃபேன்களில் நடந்தது இதுதான்.

இனி டையை 85 டிகிரியில் வைத்துத்தான் ஓட்டுவோம். ஒரு ஷாட்டுக்கு (ஒரு தடவை வார்ப்பதற்கு) 40 விநாடி ஆனது இப்போது 55 ஆகிறது. அதனால் ஆர்டர் இரண்டு மூன்று நாள் தள்ளி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். விலையில் மாற்றமில்லை.

இன்னொன்று. இழைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓடும் திசையிலேயே படுக்கும்; அந்தத் திசையில்தான் விறைப்பு அதிகம். டிராயிங் அனுப்பும்போது எந்தப் பக்கம் பாரம் வரும் என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால், கேட்டை (பிளாஸ்டிக் டைக்குள் நுழையும் வாயை) அதற்கேற்ற இடத்தில் வைத்துவிடுவோம்.

அந்த லாட் ஃபேன் யாரிடம் இருந்தாலும், மாட்டியதோ மாட்டாததோ, கொடுத்தனுப்புங்கள். மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் மோல்டிங் பட்டறையிலிருந்து,
கோவை